பதினோராம் கட்டம்

டிலுசா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். இருந்தாலும் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவாள். பெயரைச் சொல்லும்படி பல தரம் கேட்டுப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு விட்டுவிட்டேன்.

நான் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மேலைத்தேய சங்கீதம் படிப்பிக்கிறேன். பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் அது நல்ல வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு கீபோட்டை வைத்துத் தனியாகவும் வகுப்பு எடுக்கிறேன். அதற்கு வருபவர்கள் கலியாண வீட்டில் வாசிக்க இரண்டு சினிமாப் பாட்டுப் பழக்கித் தாருங்கள் என்றுதான் கேட்பார்கள். நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டே பழக்கிக் கொடுப்பேன். 2022 தை மாதம் வந்த டிலுசா ஒருத்திதான் கீபோட் வேண்டாம் என்றாள். முல்லைத்தீவுக் கரையில் ஒரு நண்டுக் கம்பனியில் அவளுக்கு வேலை. அவித்த நண்டின் ஓட்டை உடைத்துச் சதையைத் தனியே எடுக்க வேண்டும். பத்து விரலிலும் கீறல், மூன்றில் பிளாஸ்டர்.

"வாசிக்கத் தேவையில்லை, மிஸ். ஒரு பாட்டு எப்பிடிக் கட்டியிருக்கு எண்டு பிரிச்சுப் பாக்கப் பழகோணும்" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். கடைக்கு வந்தவர்கள் சாமான் எழுதிய துண்டை வாசிப்பார்களே, அப்படிச் சொன்னாள்.

அவளுடைய ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் ஒரு பாட்டு இருக்கிறது. முன்பு அந்தப் பங்கில் இருந்த சுவாமி ஒருவர் தன்னுடைய பாடகர் குழுவுக்கென்றே எழுதியது, வேறெங்கும் இல்லை. நாலு குரல் பாட்டு. பெண்களுக்கு முதற் குரல், இரண்டாம் குரல்; ஆண்களுக்கு மேற்குரல், கீழ்க்குரல். நாலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களைப் பாடும். மெட்டு என்று நாம் சொல்வது முதற் குரலில் இருக்கும், மற்ற மூன்றும் அதைத் தாங்கி நிற்கும். டிலுசாவின் அக்கா நிரோசினி முதற் குரல். பதினான்கு வயது டிலுசா அவளுக்குப் பக்கத்தில் நின்று இரண்டாம் குரல் பாடினாள்.

2009 யுத்தத்தில் அந்தச் சுவாமி போனார், பாட்டுக் கொப்பி போனது, முதற் குரல் பாடிய ஐந்து பேரும் போனார்கள். நிரோசினி தண்ணீர் எடுக்கப் போன இடத்தில். டிலுசா அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. செட்டிகுளம் அகதி முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே பூசை நடந்தபோது, யாருக்காவது பாட்டுத் தெரியுமா என்று ஒரு கன்னியாஸ்திரி கேட்டிருக்கிறார். டிலுசா கையை உயர்த்தி, தனக்குத் தெரிந்ததைப் பாடினாள். தெரிந்தது இரண்டாம் குரல். அதைப் பிள்ளைகள் பழகினார்கள், பிள்ளைகளிடமிருந்து தாய்மார் பழகினார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு அது ஊரின் பாட்டாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு மே பதினெட்டும் செத்தவர்களுக்கான பூசையில் கோயில் முழுவதும் எழுந்து நின்று அதைத்தான் பாடுகிறது.

போன திருநாளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கீபோட் வாசிக்க ஒருவரைக் கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் இந்தப் பாட்டுக்கு வாசிக்க அரை மணித்தியாலம் மல்லுக்கட்டிவிட்டு, தங்கச்சி, இது மெட்டில்லை, ஆரோ பாடின இரண்டாம் குரல், இதுக்கு மேல ஒண்டு இருந்திருக்கோணும் என்று டிலுசாவிடம் சொன்னாராம். பன்னிரண்டு வருடமாக ஊர் முழுவதற்கும் தன் குரலையே மெட்டென்று கொடுத்துவிட்டோம் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அந்த முதற் குரலைக் கண்டுபிடிக்கோணும், மிஸ். அது அக்கான்ர. ஏலுமோ?"

பார்க்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்க்கொழுப்பில், "ஏன் ஏலாது? கணக்குத்தானே" என்றேன்.

பாடிக் காட்டச் சொன்னேன். சுரம் ஒரு மயிரிழை பிசகவில்லை. அவ்வளவுதான், அதில் வேறொன்றும் இல்லை. நாலு நாலு எண்ணிக்கை கொண்ட பதினாறு கட்டங்கள். பாட்டு மூன்று சுரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் ஆதார சுரமான ச-வுக்கு வந்து உட்காராமல் ப-விலேயே நின்று முடிந்தது. கீபோட்காரர் சொன்னது சரி, இது இரண்டாம் குரலேதான். பதினோராம் கட்டத்தில் மட்டும் அவள் பாடாமல் நிறுத்தினாள். மறந்துவிட்டாளாக்கும் என்று நினைத்தேன். நாலு எண்ணிக்கை கழித்து, பன்னிரண்டாம் கட்டத்தில் சரியாகத் தொடங்கினாள்.

அந்த இடத்தில் மௌனம் என்றாள். செத்தவர்களை நினைப்பதற்கு. முழுக் கோயிலும் தலையைக் குனிந்து நிற்கும். அந்த வழக்கத்தை யார் தொடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை, முகாமிலிருந்தே அப்படித்தான் என்றாள். நல்ல வழக்கம் என்று நானும் தலையாட்டினேன். கொழும்பில் நாலு வருடம் இதையே படித்துவிட்டு வந்தவளுக்கு அந்த இடத்தில் ஒரு பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

ஒரு வருடம் போனது. சுரங்கள் மூன்று மூன்றாகச் சேர்ந்து எப்படி ஒரு கோர்ட் ஆகின்றன, ஒவ்வொரு கோர்ட்டுக்கும் ஏன் ரோமன் இலக்கம் போடுகிறோம், பாட்டு எங்கே மூச்சு விடுகிறது, எங்கே வேறு சுருதிக்குப் போய்த் திரும்பி வருகிறது என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். முன்னூறு வருடத்துக்கு முந்திய ஜெர்மன் தேவாலயப் பாட்டுகளை நாலு குரலில் எழுதிக் கொடுப்பேன். அடுத்த ஞாயிறு கீழே இலக்கம் போட்டுக் கொண்டு வருவாள். டீசல் இல்லாமல் பஸ் ஓடாத நாட்களிலும் வந்தாள். பரந்தன் வரைக்கும் மீன் லொறி, அங்கிருந்து யாருடையதோ சைக்கிள். அவள் கொப்பியில் நண்டு மணக்கும்.

அவளைப் போல ஒரு மாணவி எனக்கு அதற்கு முன்பும் கிடைக்கவில்லை, பிறகும் இல்லை. அதனால் சந்தோசப்பட்டேனா என்றால், இல்லை, எரிச்சல்தான் வந்தது. நான் முதன்முதல் கேட்டபோது விடுதிக் குளியலறையில் போய் நின்று அழுத ஒரு பியானோ இசை இருக்கிறது, மிக மெதுவானது. அதை ஒருநாள் அவளுக்குப் போட்டேன். களைக்கொல்லி அடித்துவிட்டு வயலிலிருந்து வந்த அப்பா அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ஆரின்ர செத்த வீடு, பிள்ளை, என்று விசாரித்துக்கொண்டு தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். டிலுசா முடியும்வரை கேட்டாள்.

"இருபத்தாறாம் கட்டத்தில சுருதி மாறுது, மிஸ். முப்பத்தொண்டில திரும்பி வருது."

"அது தெரியும். உங்களுக்கு என்ன செய்தது?"

"ஒண்டும் செய்யேல்லை. எனக்கு இப்ப எந்தப் பாட்டும் ஒண்டும் செய்யாது. அதாலதான் இது லேசாயிருக்கு."

நான் கொப்பியை வாங்கித் திருத்தினேன். திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

மற்றொரு நாள் பொறுமை போய்விட்டது. இரண்டாம் குரலை மட்டும் வைத்துக்கொண்டு முதற் குரலைக் கட்டுவது, இடிந்த வீட்டின் ஒரு சுவரைப் பார்த்து மற்றச் சுவர் எங்கே நின்றது என்று சொல்லும் வேலை. ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலைந்து வழி வந்தது. அக்காவுக்குப் பக்கத்தில் நின்றவள், இரண்டு சுரமாவது நினைவில்லையா என்று கேட்டுவிட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும்.

டிலுசா இடது கையைத் தூக்கி, ஒரு விரலை இடது காதுக்குள் வைத்துக் காட்டினாள்.

"அக்கா இந்தப் பக்கம் நிப்பா. அவவைக் கேட்டா என்ர குரல் அவவோட போயிடும். அதால காதைப் பொத்திக்கொண்டுதான் பாடுவன், மிஸ்."

இரண்டாம் குரல் பாடும் பிள்ளைகளுக்கு நானே அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் முன்வரிசையில் நாலு பிள்ளைகள் காதில் விரலோடு நிற்பார்கள், பார்க்க வேடிக்கையாக இருக்கும். அதற்கடுத்த கிழமை அந்தப் பிள்ளைகளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஊரில் அந்தப் பழைய பாட்டைக் கேட்டவர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். டிலுசா ஏழு பெண்களிடம் கேட்டிருந்தாள். ஆறு பேர் இப்போது பாடுவதையே திரும்பப் பாடினார்கள். இத்தனை வருடம் பாடியது பழையதை அழித்துவிட்டது. ஏழாமவள் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாக ஒரு சினிமாப் பாட்டை முனகினாளாம்.

கடைசியில் அருளப்பு அண்ணை கிடைத்தார். அந்தக் குழுவில் கீழ்க்குரல் பாடியவர். மன்னாருக்குக் கலியாணம் கட்டிக் கொடுத்த மகளோடு சண்டை இறுகுமுன்பே போய் இருந்தவர், 2023 கடைசியில்தான் ஊருக்குத் திரும்பி களப்பில் இறால் வலை போடத் தொடங்கியிருந்தார். நானும் டிலுசாவும் போனபோது வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பாடக் கேட்டதும் வெட்கப்பட்டார். பிறகு கையை வலையிலிருந்து எடுக்காமலே பாடினார். கீழ்க்குரல் ஒரு பாட்டாகவே கேட்காது. ச, ச, ப, ப என்று படியேறி இறங்கும் ஒன்று. அதை அந்த மனிதர் ஒரு சுரம் தவறாமல் வைத்திருந்தார். நான் மளமளவென்று எழுதினேன். இனி அத்திவாரம் இருக்கிறது, ஒரு சுவரும் இருக்கிறது, வீடு எழும்பிவிடும் என்று எனக்குக் கை பரபரத்தது.

பதினோராம் கட்டத்தில் அவரும் நிறுத்தினார். பெருவிரலால் மற்ற நாலு விரலையும் தொட்டு எண்ணிவிட்டுத் தொடர்ந்து பாடினார். பாடி முடித்த பிறகு, முகாமில் தொடங்கிய மௌனம் உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்கள் மன்னாரில் அல்லவா இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"என்ன மௌனம்?" என்றார். "அதில நாங்கள் மூண்டு குரலும் சும்மா நிக்கிறது, பிள்ளை. நிரோசினி தனியப் பாடுவாள். சுவாமி அவளுக்கெண்டுதான் அந்த இடத்தை எழுதினவர்."

டிலுசா கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நிரோசினி பாடியது எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தார். வடிவாகப் பாடுவாள் என்பது மட்டும்தான் வந்தது. மெட்டு வரவில்லை. நாலு முடிந்ததும் ஆண்கள்தான் முதலில் தொடங்க வேண்டும், பிந்தினால் சுவாமி ஏசுவார் என்றார்.

"நான் எண்ணிக்கொண்டு நிண்டனான், பிள்ளை. கேக்கேல்லை."

திரும்பும் வழியில் டிலுசாவிடம் கோபம் வந்தது. உங்கள் அக்கா தனியாகப் பாடிய இடத்தை எப்படி மறப்பீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவளே சொன்னாள், அந்த இடத்தில் நாலு எண்ணியது மட்டும்தான் தன் நினைவில் இருக்கிறது என்று. முகாமில் பிள்ளைகளுக்கும், இங்கே நாலு எண்ணுங்கோ என்றுதான் பழக்கினாளாம். எதற்கு என்று அந்தக் கன்னியாஸ்திரி கேட்டபோது பதில் தெரியவில்லை. அவர்தான், சரி, அது நம்முடைய செத்தவர்களுக்காக இருக்கட்டும் என்றிருக்கிறார். பஸ்ஸில் உட்கார்ந்து எனக்கு மட்டும் என்னவெல்லாம் நினைவிருக்கிறது என்று பார்த்தேன். என் அம்மாவும் அந்த வருடம்தான். முகம் தெரிகிறது. நடை தெரிகிறது. குரல் எங்கே தேடினாலும் இல்லை. கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒன்றும் வரவில்லை.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. கீழ்க்குரலும் இரண்டாம் குரலும் இருந்தால் கோர்ட் எது என்பது அநேகமாகத் தெரிந்துவிடும். மேலே எந்தச் சுரம் விடுபட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சில சுரங்கள் மேலேதான் ஏறும், சில கீழேதான் இறங்கும். தாவிய குரல் திரும்பி அடுத்த படிக்கு வரும். இரண்டு குரல்கள் சேர்ந்து நடக்கக் கூடாத நடைகளும் உண்டு. நாலைந்து வழி என்பது இரண்டானது, இரண்டு ஒன்றானது. சித்திரைக்குள் பதினைந்து கட்டங்கள் முடிந்தன. பாதிக்கு மேல் அவள்தான் கண்டுபிடித்தாள். நான் ஒரு கட்டத்தில் மெட்டை மேலே கொண்டுபோனபோது, அப்படிப் போனால் கீழ்க்குரலோடு இடிக்கும் என்று தடுத்தாள். அவள் சொன்னது சரி. அந்த வரிகளைக் கீபோட்டில் வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

பதினோராம் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. கீழே ஒன்றும் இல்லாத இடத்தில் பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் நான் சும்மா இருப்பேனா! மூன்று நாள் மினக்கெட்டு, நாலு எண்ணிக்கைக்கு ஒரு மெட்டு எழுதினேன். பத்தாம் கட்டத்திலிருந்து மேலேறி, உச்சியில் ஒரு கணம் நின்று, பன்னிரண்டாம் கட்டத்துக்கு மெல்ல வந்து சேரும். இந்தக் கையால் அதைவிட நல்லதாக ஒன்றும் நான் எழுதியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைப் பெருமையோடு அவள் முன்னால் வைத்தேன்.

டிலுசா பென்சிலோடு இரண்டு தரம் வாசித்தாள்.

"பிழை ஒண்டும் இல்லை, மிஸ். நல்ல வடிவு. மற்றப் பதினைஞ்சுக்கும் ஏன் இந்தச் சுரம் எண்டு காரணம் இருக்கு. இதுக்கு என்ன காரணம்?"

எனக்குப் பிடித்திருந்தது என்பதைத் தவிரக் காரணம் இல்லை. அதைச் சொன்னேன்.

"அப்ப விடுவம்" என்றாள். நான் எழுதிய தாளை நாலாக மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டாள். எறியவில்லை, அந்த மரியாதை செய்தாள்.

முதற் குரலுக்கு நாலு பிள்ளைகளைத் தேர்ந்து இரண்டு கிழமை பழக்கினாள். மே பதினெட்டுப் பூசைக்கு நானும் போனேன். கோயில் எனக்குப் பழக்கமில்லாத இடம், அதனால் கடைசி வாங்கு வரிசைக்குப் பின்னால் நின்றேன். பாடகர் குழு ஒரு பக்கச் சுவரோரம் நின்றது. நாலு பிள்ளைகளும் ஓரத்தில். அவர்களுக்கு அடுத்ததாக, இடது காதில் விரலோடு டிலுசா. அருளப்பு அண்ணை பின்வரிசையில், வெள்ளைச் சேட்டு மடிப்புக் குலையாமல்.

பாட்டுத் தொடங்கியது. நாலு பிள்ளைகளின் குரலும் பிரிந்து மேலே போனது. ஊர் கீழே தன் பழைய பாட்டைப் பாடியது. முன்வாங்கில் இரண்டு மூன்று பெண்கள் திரும்பிப் பிள்ளைகளை முறைத்தார்கள். பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, அந்தப் பிள்ளையள் என்ன வேற பாட்டோ பாடினதுகள், சரியாப் பழக்கேல்லைப் போல, என்று ஒரு அம்மா குறை சொன்னதையும் கேட்டேன். ஒருவரும் பழையதை அடையாளம் கண்டு அழவில்லை. அப்படி யாராவது அழுவார்கள் என்று நான் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தேன்.

பதினோராம் கட்டம் வந்தது. முழுக் கோயிலும் நின்றது, தலைகள் குனிந்தன. நான் குனியவில்லை. டிலுசாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காதிலிருந்து விரலை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாதவளாக நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நான்தான் எண்ணினேன். பன்னிரண்டாம் கட்டத்தில் அருளப்பு அண்ணை தொடங்க, ஊர் சரியாகச் சேர்ந்துகொண்டது. டிலுசா சேரவில்லை. பாட்டு முடியும்வரை அவள் வாய் திறக்கவேயில்லை.

வெளியே செருப்புகள் கிடந்த இடத்தில் அவளைப் பிடித்தேன். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அந்த நாலையும் நான் ஒருநாளும் எண்ணாமல் விட்டதில்லை, மிஸ். இண்டைக்கு எண்ணேல்லை. அக்கா பாடுற இடம்தானே எண்டு கேட்டுப் பாத்தன்."

"கேட்டுதோ?"

"இல்லை." பிளாஸ்டர் ஒட்டிய விரலால் காதைத் தடவிக்கொண்டாள். "ஒண்டும் கேக்கேல்லை. பிறகு எங்க திரும்பிச் சேருறது எண்டும் தெரியாமப் போச்சு."

அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் முதல் தடவையாகச் சுரம் பிசகியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நண்டு மணத்தது.